பேய், மந்திரம், நாடி ஜோதிடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளிலும் ஊர்த் திடல்களிலும் 'மந்திரமா, தந்திரமா?' நிகழ்ச்சி நடத்துகிறேன். வித்தைகள் முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில்தான் முக்கியமான கேள்விகள் வரும். எல்லார் முன்னாலும் கேட்கத் தயங்கியவர்கள் ஓரமாக வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "எனக்கு இப்படி நடந்தது" என்று சொல்பவரை நான் பொய்யராகவோ முட்டாளாகவோ நினைப்பதே கிடையாது. நடந்தது நடந்ததுதான். அது எதனால் நடந்தது என்பதைத்தான் பேசப் போகிறோம்.

அப்படியானால் கடவுளே இல்லை என்கிறீர்களா?

அந்தப் பேச்சுக்கு நான் இங்கே போகவில்லை. "இந்தத் தாயத்தைக் கட்டினால் வலிப்பு நிற்கும்", "இந்த ஓலையில் உங்கள் பெயர் இருக்கிறது" என்பதெல்லாம் உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய பேச்சு. அதை மட்டும் சோதிப்போம். கோயிலுக்கும் தர்காவுக்கும் சர்ச்சுக்கும் போகிற பலர் இந்த வேலையில் எங்களோடு இருக்கிறார்கள்.

ராத்திரி விழிப்பு வந்தது. நெஞ்சில் ஏதோ ஏறி அமுக்கியது. கை கால் அசையவில்லை, கத்தவும் முடியவில்லை. அறையில் ஓர் உருவம் நின்றதைக் கண்ணால் பார்த்தேன். இது பேய் இல்லையா?

அமுக்குவான் பேய் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். ஜப்பானில் இதற்குக் கனாஷிபாரி என்று பெயர். கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் உட்காருவதாகச் சொல்வார்கள்.

கனவு வரும் தூக்கத்தில் மூளை நம் உடம்பின் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போட்டுவிடும். கனவில் ஓடுகிறோம் என்பதற்காகக் கட்டிலைவிட்டு எழுந்து ஓடிவிடக் கூடாதே, அதற்கான ஏற்பாடு இது. சில சமயம் நினைவு முந்திக்கொண்டு விழித்துவிடும், உடம்பின் கட்டு இன்னும் அவிழ்ந்திருக்காது. கனவும் முழுதாகக் கலைந்திருக்காது. அதனால் கண் திறந்திருக்கும்போதே கனவின் உருவம் அறைக்குள் நிற்கும். மூச்சு விடும் வேகத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாததால் நெஞ்சில் பாரம் தெரியும். இதற்குத் தூக்கப் பக்கவாதம் என்று பெயர். வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருவது ஏறக்குறைய நூற்றில் எட்டுப் பேருக்கு. தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும். ஒருக்களித்துப் படுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள். அடுத்த முறை வந்தால் கை முழுவதையும் தூக்கப் போராடாமல் ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். அடிக்கடி வந்து தொல்லை கொடுத்தால் டாக்டரைப் பாருங்கள்.

பாட்டி இறப்பதற்கு முந்தைய இரவு அவரே என் கனவில் வந்து விடைபெற்றார். இதுவும் தற்செயலா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் துக்கத்தில் இருக்கிறார் என்பதை மறக்காமல்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் கணக்கு கணக்குதான். நெருங்கியவர் சாவதற்கு முந்தின இரவே அவரைப் பற்றிக் கனவு வருவது, ஒருவருக்கு ஓர் இரவில் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு அரிதாகவே இருக்கட்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள் தொகை 7.2 கோடி. அப்படியானால் ஒவ்வொரு இரவும் 72 பேருக்கு அது நடக்கும், வருடத்துக்கு இருபத்தாறாயிரம் பேருக்கு. பாட்டி கனவில் வந்து, காலையில் அவர் நலமாக எழுந்து காபி கேட்ட இரவுகளை யாரும் சொல்லி வைப்பதில்லை. அதனால்தான் நம் காதுக்குப் பலித்த கனவுகள் மட்டும் வந்து சேருகின்றன.

இன்னொன்றும் உண்டு. பாட்டி படுக்கையில் இருந்தார் என்றால் உங்கள் மனது அவரையே சுற்றிக்கொண்டிருந்திருக்கும். அவர் கனவில் வந்தது உங்கள் பாசத்தினால். அந்தப் பாசம் உண்மை.

வைத்தீஸ்வரன் கோயிலில் நாடி ஜோதிடர் என் அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாவற்றையும் ஓலையிலிருந்து வாசித்தார். நான் எதுவுமே சொல்லவில்லையே?

சொல்லியிருப்பீர்கள். சொன்னது நினைவில் இல்லாதபடி நடப்பதுதான் இதன் திறமை.

முதலில் கட்டைவிரல் ரேகை எடுப்பார்கள், ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது. அப்புறம் காத்திருக்கச் சொல்வார்கள். ஓலைக் கட்டு வரும். "பொருந்தாத ஓலையைத் தள்ளிவிடுவோம். நான் சொல்வது சரியென்றால் ஆமாம், இல்லையென்றால் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்பார்கள். வாசிப்பு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"தகப்பனார் பெயர் தெய்வப் பெயரா வரும்."
"ஆமாம்."
"சிவனைக் குறிக்கும் பெயர்."
"இல்லை."
அந்த ஓலை ஓரம் போகும். அடுத்த ஓலை.
"தாயாருக்கு அரசு உத்தியோகம்."
"இல்லை."
அடுத்தது.
"பெருமாள் பெயர் தகப்பனாருக்கு."
"ஆமாம்."
"பள்ளிகொண்ட பெருமாள்."
"ஆமாம்!"

ஒரு மணி நேரம் இப்படி ஓடும். பத்து இருபது ஓலைகள் தள்ளப்பட்டிருக்கும். நடுவில் நீங்கள் சிரித்தது, புருவத்தைத் தூக்கியது, "இல்லை, அது எங்க பெரியப்பா" என்று நீங்களாகவே எடுத்துக்கொடுத்தது எல்லாம் எதிரே இருப்பவர் மனதில் சேர்ந்துகொண்டே வரும். கடைசியில் "உங்கள் ஓலை கிடைத்துவிட்டது" என்று ஒரு கட்டிலிருந்து எடுத்து, ராகம் போட்டு, செய்யுள் நடையில் "தந்தை நாமம் ரங்கநாதன்" என்று பாடும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். தள்ளிய ஓலைகளில் இருந்த தவறுகள் எல்லாம் 'வேறு யாருடைய ஓலையோ' ஆகிவிடுவதால் கணக்கில் வராது. பொய்த்தது எதுவும் பொய்யாக நிற்க முடியாத ஏற்பாடு இது. மேலே எழுதியதில் உரையாடல் நான் அமைத்தது. நீங்கள் போய் வந்திருந்தால், உங்களுக்கு நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சோதிக்க விரும்பினால் வழி சுலபம். ரேகையை மட்டும் கொடுத்துவிட்டு, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல், முகத்தையும் காட்டாமல், ஓலையைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கிடைத்த ஓலையை, பழைய சுவடி படிக்கத் தெரிந்த வேறொருவர் தனியாகப் படிக்கட்டும். இரண்டு பேர் படித்ததிலும் ஒரே பெயர் வர வேண்டும்.

ஜாதகம் அப்படி இல்லையே? அது கணக்கு ஆயிற்றே?

கிரகம் எங்கே நிற்கிறது என்பது கணக்குதான். அதிலிருந்து பிள்ளையின் படிப்பும் கல்யாணமும் தெரியும் என்கிற இடத்தைத்தான் சோதிக்க வேண்டும். இந்தியாவிலேயே சோதித்திருக்கிறார்கள். வானியல் அறிஞர் ஜயந்த் நார்லீகர் 2008இல் புனேயில் தன் சகாக்களோடு நடத்திய சோதனை அது. படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள 100 பிள்ளைகள் ஆகியோரின் பிறந்த விவரங்களை வாங்கி ஜாதகம் கணித்தார்கள். ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து, எது எந்த வகைப் பிள்ளை என்று மட்டும் சொல்லும்படி ஜோதிடர்களைக் கேட்டார்கள். பதில் அனுப்பிய 27 ஜோதிடர்களின் சராசரி 46 சதவீதம். பூவா தலையா போட்டுப் பார்த்தாலே 50 வரும்.

அப்படியிருந்தும் பலித்த மாதிரி ஏன் தோன்றுகிறது? "நீங்கள் எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்வீர்கள், ஆனால் நன்றி இருக்காது. கையில் காசு நிற்காது. மனதில் இருப்பதை வெளியே சொல்ல மாட்டீர்கள்." இதை இல்லை என்று சொல்லும் ஒருவரை எனக்குக் காட்டுங்கள். 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் 'உன் குணம் இதுதான்' என்று தனித்தனியாக ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளைக் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

1995இல் பிள்ளையார் பால் குடித்தாரே? உலகமே பார்த்ததே?

செப்டம்பர் 21ஆம் தேதி. தில்லியில் தொடங்கி, அன்று மாலைக்குள் லண்டன் வரை போய்விட்டது. ஸ்பூன் நிறையப் பாலைச் சிலையின் தும்பிக்கையில் வைத்துச் சற்றே சாய்த்தால், பாலின் பரப்பு இழுவிசையால் அது கல்லில் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாகக் கீழே வழிந்துவிடும். ஈரமான வெள்ளைப் பளிங்கில் வெள்ளைப் பால் வழிவது கண்ணுக்குத் தெரியாது. அரசின் அறிவியல் துறையிலிருந்து வந்தவர்கள் பாலில் நிறம் கலந்து வைத்தார்கள். சிலையின் முன்பக்கம் முழுக்க நிறக்கோடு இறங்கியது.

தீமிதிக்கும்போது கால் சுடாதது பக்தியால் இல்லையா?

விரதமிருந்து, நேர்ந்துகொண்டு, பயத்தை அடக்கிக்கொண்டு பூக்குழியில் இறங்குவது சாதாரணக் காரியம் இல்லை. அந்த மன உறுதிக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். கால் சுடாததற்குக் காரணம் கரியில் இருக்கிறது. ஒரே அடுப்பில் வைத்த கரண்டிகளில் இரும்புக் காம்பு கையைச் சுடும், மரக் காம்பு சுடாது. மரக்கரியும் மரம் மாதிரித்தான், வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மேலே படிந்த சாம்பல் அதை இன்னும் தாமதமாக்கும். ஒவ்வொரு அடியும் ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் தணலில் படுகிறது.

இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக வாழ்ந்து, 1978இல் கொழும்பில் மறைந்தவர். அமானுஷ்ய சக்தியை ஏமாற்று இல்லாமல் நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். ஒட்டிய உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்லலாம், தண்ணீரைப் பெட்ரோலாக மாற்றலாம் என்று ஒரு பட்டியலே போட்டிருந்தார். அதில் ஒன்று: எரியும் தணலில் அரை நிமிடம் கொப்பளம் இல்லாமல் அசையாது *நிற்க* வேண்டும். நடக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். அவர் சாகும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. அமெரிக்காவில் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் அறக்கட்டளை பத்து லட்சம் டாலர் வைத்து, 2015 வரை காத்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். சோதனை நிபந்தனைகளை இரண்டு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்தப் பணமும் அப்படியே இருந்தது.

பூக்குழியில் தடுக்கி விழுந்து வெந்தவர்கள் உண்டு. அவர்களுக்குப் பக்தி குறைவு என்று ஊர் பேசும். அந்தப் பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தடுக்கி விழுந்தவர் கரியோடு சேர்ந்து கிடந்த நேரம் அதிகம், அவ்வளவுதான்.

படித்தவர்கள், விஞ்ஞானிகள்கூட நம்புகிறார்களே?

பொருள்கள் நம்மை ஏமாற்றாது. அதனால் ஆய்வகத்தில் இருப்பவருக்கு ஏமாற்றுக்காரரைப் பார்த்துப் பழக்கமில்லை. 1979இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஐந்து லட்சம் டாலர் நிதியோடு மனோசக்தியை ஆராயத் தொடங்கியது. ராண்டி இரண்டு இளம் மேஜிக் கலைஞர்களை 'சக்தி உள்ளவர்கள்' என்று அங்கே அனுப்பி வைத்தார். கரண்டி வளைத்தார்கள், சோதனைப் பொருள்களில் கட்டியிருந்த அடையாளச் சீட்டுகளை மாற்றி வைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. "நீங்கள் தந்திரம் செய்கிறீர்களா?" என்று நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது ராண்டி அவர்களுக்குச் சொல்லி அனுப்பிய விதி. யாரும் கேட்கவில்லை.

நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்தவர் கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் (1930-2009). மேஜிக் தெரிந்த பகுத்தறிவாளர். வெறுங்கையிலிருந்து விபூதி வருவதை ஊர் ஊராகச் செய்துகாட்டி, அதை எப்படிச் செய்வது என்றும் சொல்லிக்கொடுத்தார். சாம்பலைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து காயவைத்த சிறு உருண்டை அது. கட்டைவிரலின் மடிப்பில் ஒளிந்திருக்கும், கையைச் சுழற்றும்போது நசுக்க வேண்டியதுதான்.

செய்வினை, பில்லி சூனியம் வைத்து ஆளைக் கொல்ல முடியுமா?

2008 மார்ச்சில் ஓர் இந்தித் தொலைக்காட்சியில், மூன்று நிமிடத்தில் மந்திரத்தால் ஆளைக் கொல்வேன் என்றார் ஒரு தாந்திரிகர். பகுத்தறிவாளர் சனல் எடமருகு "என் மேலேயே செய்யுங்கள்" என்று எதிரே உட்கார்ந்தார். மூன்று நிமிடம் மணிக்கணக்காக நீண்டது. ராத்திரியில் திறந்தவெளியில் ஹோமம் வளர்த்து இன்னொரு முறையும் முயன்றார்கள். எடமருகு சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

ஆனால் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று *நம்புகிறவருக்கு* நோய் வரும். சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும். பயமே அதைச் செய்யும். அவரைக் கேலி செய்தால் தனிமை கூடி இன்னும் மோசமாவார். அதைவிட மோசமானது, வைத்தவர் என்று பழி சுமத்தப்படும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிலைமை.

எங்கள் ஊரில் பாம்புக்கடிக்கு மந்திரித்தே எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்களே?

பிழைத்தது உண்மை. நம் ஊரில் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமலேயே கடிக்கும். எனவே மந்திரிப்பவரிடம் வருகிறவர்களில் பாதிக்கும் மேல் அவர் எதுவும் செய்யாமலேயே பிழைக்கக்கூடியவர்கள். அவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, தன் கையால் பிழைத்ததாக அவரும் மனதார நம்புவார். இறந்தவர்களைப் பற்றி "விதி முடிந்தது, நேரம் கடந்து கொண்டுவந்தார்கள்" என்று ஊர் சொல்லிவிடும்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் முறிவு மருந்து ஒன்றுதான். அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. காட்டை அறிந்த நம் மக்களின் அறிவு அந்த மருந்துக் குப்பிக்குள் இருக்கிறது. அப்படியும் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமலே போகலாம். கடித்த உறுப்பை அசைக்காமல், கீறாமல், இறுக்கிக் கட்டாமல், 108ஐ அழையுங்கள். மந்திரிக்கப் போகும் அந்த ஒரு மணி நேரம்தான் உயிர்.

பேய் பிடித்தவர்கள் கோயிலிலும் தர்காவிலும் தங்கிக் குணமாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீங்கள் பார்த்தது சரி. பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து முத்துசாமி கோயிலில் தங்க வந்த மனநோயாளிகள் 31 பேரை ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க் கடுமை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே பேயோட்டும் சடங்கு எதுவும் கிடையாது. சங்கிலி கிடையாது, அடி கிடையாது. வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருப்பார். காலையில் பூஜை, அப்புறம் கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள். யாரும் அவர்களைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. சாப்பாடு, துணை, வேலை, மரியாதை கிடைத்தால் மனநோயாளிக்குக் குறைகிறது என்பதை நான் மறுக்கவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

இதே தமிழ்நாட்டில்தான் ஏர்வாடியும் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டித் தனியார் நடத்திய மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். குடும்பங்கள் அவர்களை வெறுத்து அங்கே விடவில்லை. குணமாகிவிடும் என்று நம்பித்தான் விட்டார்கள். மனநோயைப் பேய் என்று நம்பும்போது சங்கிலியும் சிகிச்சையாகத் தெரிகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே இப்போது தொழுகையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு மனநல மருத்துவர்கள் வருகிறார்கள்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பேய் பிடிப்பது ஏன் அடிக்கடி புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கே நடக்கிறது? வீட்டில் வாய் திறக்க முடியாதவள் பேயாகப் பேசும்போதுதான் மாமியாரும் கணவனும் உட்கார்ந்து கேட்கிறார்கள். அவள் நடிக்கிறாள் என்று சொல்லவில்லை. தாங்க முடியாத அழுத்தத்தில் மனது தன்னையே பிரித்துக்கொள்ளும், அது தெரிந்த நோய்தான். "உனக்கு என்னம்மா கஷ்டம்?" என்று அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க ஒருவர் வேண்டும். வேப்பிலையால் அடிப்பது அதற்குப் பதில் ஆகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனாஸை 14416 என்ற இலவச எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

சட்டம் எதுவும் இல்லையா?

மந்திரத்தாலும் தாயத்தாலும் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மகாராஷ்டிரத்தில் மாந்திரீக மோசடிகளுக்கு எதிராகத் தனிச் சட்டம் உண்டு. அதற்காகப் பல ஆண்டுகள் போராடிய டாக்டர் நரேந்திர தாபோல்கரை 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொன்றார்கள். அவர் இறந்த சில நாட்களில் அது அவசரச் சட்டமாக வந்து, அந்த ஆண்டே சட்டமானது.

என் அம்மா மந்திரவாதியிடம் போகிறார். எப்படிப் பேசுவது?

முதலில் எதற்காகப் போகிறார் என்று கேளுங்கள். தங்கைக்கு வரன் அமையவில்லை, அப்பாவின் குடி நிற்கவில்லை, தீராத முட்டிவலி என்று ஏதோ ஒன்று இருக்கும். அந்தக் கவலையை வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்காதபோது, அங்கே ஒருவர் பொறுமையாக அரை மணி நேரம் கேட்கிறார். அவருடைய பலமே அதுதான். "மூடநம்பிக்கை" என்று ஆரம்பித்தால் அம்மா அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமல் போவார்.

கொஞ்ச நாள் கழித்து, பேச்சோடு பேச்சாக ஒன்று செய்யச் சொல்லுங்கள். மந்திரவாதி என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்று சொன்னார் என்பதை அன்றைக்கே காலண்டரில் அம்மாவின் கையாலேயே எழுதி வைக்கட்டும். நாள் வரும்போது இருவரும் சேர்ந்து பாருங்கள். நீங்கள் வாதாட வேண்டியிருக்காது. பணம் பெரிய தொகையாகப் போகிறது, அல்லது டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே குறுக்கே நில்லுங்கள். அம்மா கோபித்துக்கொண்டாலும் மாத்திரை நிற்கக் கூடாது.